உள்ளங்கையளவு

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "இந்த இடத்துல என் பேர் அவசியமா?" என்று கேட்டிருப்பார். தேவையில்லாததை எழுதுவது அவருக்குப் பிடிக்காது. தேவையானதை விட்டுவிடுவது அதைவிடப் பிடிக்காது. இந்தக் குணத்தால் அவருக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் என் பங்கும் உண்டு. அதையும் விடப் போவதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மண்ணச்சநல்லூர்ப் பெண். அப்பா ரைஸ் மில்லில் மேஸ்திரி. அதற்கு முன்னால் அந்தக் கோர்ட்டுக்குப் பெண்கள் வந்ததெல்லாம் சாட்சியாகவோ குற்றவாளியாகவோதான். சம்பளத்துக்கு வந்த முதல் பெண் நான். என்னை எங்கே உட்கார வைப்பது என்று குமாஸ்தாக்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைசியில் தொண்டி அறை வாசலில் ஒரு மேஜையைப் போட்டார்கள். வழக்கில் பிடிபட்ட பொருளுக்குக் கோர்ட்டில் தொண்டி என்று பெயர். திருட்டுச் சைக்கிள், குத்திய கத்தி, கள்ளச்சாராயக் குடம் எல்லாம் தீர்ப்பு ஆகும்வரை அந்த அறையில்தான் கிடக்கும். அந்த அறைக்கு அவர் குமாஸ்தா.

ஸ்ரீரங்கத்து ஐயங்கார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறையத் திருமண், குடுமி, கழுத்து மூடின கோட்டு. விடிகாலையில் ஒரு சின்னச் சன்னதியில் கோஷ்டியோடு பாசுரம் சேவித்துவிட்டு, டவுன் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி ஆபீஸ் வருவார். கோஷ்டி என்றால் பெருமாளுக்கு முன்னால் வரிசையாக நின்று சேர்ந்து சொல்கிறவர்கள். அவருடைய அப்பா நின்ற இடத்தில் அவர் நின்றார். முன் வரிசையில் இரண்டாவது ஆள். ஆபீசில் பதவி உயர்வு பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி மட்டும் எப்போதாவது சொல்வார். சொல்லும்போது கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்.

தொண்டிப் பதிவேட்டில் மற்றவர்கள் "அரிவாள் ஒன்று" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் எழுதுவது இப்படி இருக்கும்: "அரிவாள் ஒன்று. பிடி வேப்பங்கட்டை. இடது கைப் பழக்கமுள்ளவர் நெடுநாள் பிடித்துத் தேய்ந்தது. நுனி மடங்கியிருக்கிறது. கறை கறுப்பு, வாழைக் கறையாகவும் இருக்கலாம்." அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வக்கீல் வாதாடி, வலது கைக்காரன் ஒருத்தன் விடுதலையாகிப் போனான். சப்-இன்ஸ்பெக்டர் வந்து சத்தம் போட்டார். இவர் அரிவாளை எடுத்து அவர் இடது கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அவர் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மணப்பாறைச் சந்தையில் திருடு போன ஆடு ஒன்று வந்தது. பின்கட்டில் கட்டி வைத்திருந்தோம். வழக்கு இழுத்ததில் அது இரண்டு குட்டி போட்டுவிட்டது. சொந்தக்காரனிடம் ஓட்டி விட்டால் முடிந்தது காரியம். இவர் விடவில்லை. வந்தது ஒன்று, போவது மூன்று, இந்த இரண்டுக்கு உத்தரவு எங்கே என்று மாஜிஸ்திரேட்டுக்கு முறைப்படி கடிதம் எழுதினார். அதை டைப் அடித்தது நான். சிரித்துச் சிரித்து நாலு தாளைக் கெடுத்தேன்.

எனக்குச் சிரிப்பு கொஞ்சம் அதிகம். அப்போது அதைப் பெரிய நற்குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூக்கு என்றால் அவருக்குத்தான் மூக்கு. சாராயத்தை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தால், பின்கட்டில் கொட்டுவதற்கு முன், சாட்சிகள் கையெழுத்துப் போடும் மகஜர் என்ற பத்திரத்தில் நிறம், மணம் எல்லாம் எழுத வேண்டும். குடத்துக்கு இரண்டடி தள்ளி நின்றே, இதில் வேலம்பட்டை போட்டிருக்கு, இது வெல்லம் கெட்டுப்போனது, இது மண்ணெண்ணெய் டின்னில் வந்தது என்று சொல்லிவிடுவார். வாயில் ஒரு சொட்டு படாமல் ஊர்ச் சாராயத்தின் ஜாதகத்தையே வைத்திருந்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவருக்கு ஓயாத இருமல். வீட்டிலிருந்து சின்னப் புட்டியில் கஷாயம் கொண்டு வருவார். புட்டியில் வாய் வைக்க மாட்டார். ஸ்பூனும் கிடையாது. வலது உள்ளங்கையைக் குழித்து, அதில் ஊற்றி, சத்தமில்லாமல் உறிஞ்சிவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொள்வார். கோயிலில் தீர்த்தம் வாங்கினால் செய்கிறது அது. சிறுவயதிலிருந்து தினமும் செய்து, கைக்கு வேறு வழி தெரியாமல் போய்விட்டது. "சார் இருமல் மருந்துக்கும் மோட்சம் குடுத்துட்டார்" என்று நான் கேலி செய்வேன். "கை மறந்து போய்ப் பண்றதும்மா" என்பார், கோபமே வராது.

தொண்டி அறைக்கு இன்னொரு புட்டி வந்தது இந்தச் சமயத்தில்தான். மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பொன்மலை ரயில்வே காலனிப் பக்கம் ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா, அறுபது வயதுக்கு மேல். கணவர் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சர்ட்டிபிகேட்டின் பேரில் அவருக்குக் குடிக்கப் பெர்மிட் இருந்தது. அவர் இறந்ததும் பெர்மிட்டும் போயிற்று, வீட்டில் ஒரு புட்டி மட்டும் மிஞ்சியது. அண்டை வீட்டில் யாருக்கு என்ன கோபமோ, மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டார்கள். போலீஸ் போய் எடுத்து வந்தது.

கனமான கரும்பச்சைப் புட்டி. கழுத்தில் தகரத் தாள், அதற்குள் கம்பிக் கட்டு. ஷாம்பெயின் என்று போலீஸ் எழுதியிருந்தது. லேபிளில் ஒரு வருஷம் அச்சடித்திருந்தது. அது என்ன வருஷம், வரி கட்டின வருஷமா என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வாய்தாவுக்கு வந்திருந்த அந்த அம்மாவையே போய்க் கேட்டார்.

அந்த அம்மா ரயில்வே தமிழ் பேசுவார், எல்லாரையும் நீ என்பார். பிரான்சில் ஒரே ஒரு ஜில்லாவில் பண்ணுகிற திராட்சை மது அது, புட்டிக்குள்ளேயே இரண்டாம் தரம் புளிக்கும், அந்தக் காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கரைந்து கிடக்கும் என்று சொன்னார். சாதாரணமாகப் பல வருஷத்துச் சரக்கைக் கலந்துதான் அடைப்பார்களாம். திராட்சை ரொம்ப நன்றாக விளைந்த வருஷத்தில் மட்டும் கலக்காமல் தனியாக அடைத்து, வருஷத்தைப் போடுவார்களாம். "இது நானும் அவரும் கல்யாணம் கட்டின வருஷம்" என்றார்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குப் போகும்போது இரண்டு புட்டி கொடுத்தாராம். ஒன்றை அன்றைக்கே குடித்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணவர், இது இன்னும் நன்றாக ஆகும், இன்னொன்றை வைத்திருப்போம், நாற்பதாவது கல்யாண நாளைக்கு உடைப்போம் என்றார். நாற்பது வருவதற்கு ஏழு மாதம் இருக்கும்போது அவர் போய்விட்டார். நாற்பதாவது கல்யாண நாளன்று அந்த அம்மா புட்டியை எடுத்து மேஜையில் வைத்து, தனியாக உடைக்க மனம் வராமல், திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அடுத்த மாதம் போலீஸ் வந்தது.

"ஆச்சா இல்லையான்னு தெரியணும்" என்றார் அந்த அம்மா. "நல்லா ஆகும்னு சொன்னாரு. ஆச்சா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

இவர் தலையை ஆட்டிவிட்டு, புட்டியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். படுக்க வைக்கணும், ஆட்டக் கூடாது, வெளிச்சமும் வெப்பமும் கூடாது என்றார் அந்த அம்மா. தொண்டி வந்தபடியே போக வேண்டும் என்பது இவர் விதி. திருச்சி வெயிலில் அது லேசான காரியமா? ஒரு மண் தொட்டியில் காவிரி மணலைப் போட்டு, கடைசி அலமாரிக்குக் கீழே வைத்து, புட்டியை ஈரத் துணியில் சுற்றிப் படுக்க வைத்தார். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்தார். பெருக்க வருகிறவளைக்கூட அந்த மூலைக்கு விடவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மா வந்து, பெஞ்சில் உட்காருவதற்கு முன் இவரிடம் வந்து, எப்படி இருக்கு என்று கேட்பார். "சௌக்கியமா இருக்கு" என்பார் இவர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரை விசாரிப்பது போல இருக்கிறது என்று நான் சிரித்தேன்.

விசாரணையன்று வக்கீல் அந்த அம்மாவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். கணவர் வைத்துவிட்டுப் போனது, எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதும். அந்த அம்மா கூண்டில் ஏறி, "தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கெழமை தோறும் நான்தானே தூசி தட்டுவேன்?" என்றார். மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திருக்கத் தண்டனை கொடுத்தார். புட்டியில் உள்ளதை அன்றே அழித்துவிட உத்தரவு.

சாயங்காலம் நாலு மணி. பின்கட்டில் புங்க மரத்தடி. சாட்சிக்கு வந்த போலீஸ்காரர் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். இன்னொரு சாட்சி நான். அந்த அம்மா தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், பின்கட்டும் கோர்ட் வளாகம்தானே என்று மாஜிஸ்திரேட் அனுமதித்தார். ஆக மூன்றே பேர்.

அந்த அம்மா திறக்கச் சொல்லிக் கொடுத்தார். தக்கையை இழுக்கக் கூடாது, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியைத்தான் திருகணும். டமார் என்று சத்தம் வந்தால் திறக்கத் தெரியாதவன் என்று அர்த்தமாம். இவர் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்துவிட்டு மெல்லத் திருகினார். பாரத்தை இறக்கி வைத்தவர் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த அம்மா, "கத்துக்கிட்டே" என்றார்.

என் மேஜையில் இருந்த கண்ணாடித் தம்ளரில் இவர் கொஞ்சம் ஊற்றி வெயிலுக்கு எதிரே பிடித்தார். மகஜருக்கு இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். நிறம், பழைய பொன் நகையின் நிறம், கலங்கல் இல்லை. அடியில் ஒரே இடத்திலிருந்து மிகச் சிறிய குமிழ்கள் நூல் பிடித்தாற்போல் மேலே வருகின்றன, அவசரமில்லாமல், நிற்காமல். சோடாவின் குமிழ் போல் பெரிதில்லை. மணம், முதலில் ரொட்டிக் கிடங்கில் அப்போது எடுத்த ரொட்டியின் மேல்தோல். பிறகு வறுத்த வாதுமை. காய்ந்த நாரத்தங்காய்த் தோல். கொஞ்சம் தேன். எல்லாவற்றுக்கும் அடியில், மழை பெய்த சுண்ணாம்புச் சுவர்.

அந்த அம்மா கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையசைத்தார். இவர் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

"ருசி?"

இவர் தம்ளரை இறக்கிப் பிடித்தார்.

"நான் குடிக்கக் கூடாது, சரி. நீயும் குடிக்க மாட்டே, தெரியும். மண்ணுல ஊத்துறே. மண்ணு வந்து சொல்லுமா, நல்லா ஆச்சா இல்லையான்னு?"

தம்ளரில் குமிழ் ஏறிக்கொண்டே இருந்தது. திறந்தால் வெகுநேரம் நிற்காது என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார். இவர் என் கையிலிருந்த மகஜரைப் பார்த்தார். கடைசிப் பத்தி, இதர விவரம், காலியாக இருந்தது. பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பல வருஷக் கேள்வி அது. பதில் கையில் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இருக்காது.

தம்ளரைக் கீழே வைத்தார். புட்டியைச் சாய்த்து வலது உள்ளங்கையில் ஊற்றினார். ஒரு வாய், அதற்கு மேல் இல்லை. நுரை விரலிடுக்கில் வழிந்தது. தலையைக் குனிந்து சத்தமில்லாமல் உறிஞ்சினார். அப்புறம் அந்தக் கை, வழக்கம்போல, தலைக்குப் போய் ஈரத்தைத் தடவிவிட்டது.

அது அவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. கையை இறக்கி விரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. எனக்கோ வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மகஜர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டேன்.

பிறகு மகஜருக்குச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ருசி, நாக்கில் பட்டதும் மெல்லிய குத்தல். புளிப்பு, ஆனால் முகம் சுளிக்க வைக்காத புளிப்பு. தித்திப்பு இல்லை, தித்திப்பின் ஞாபகம் இருக்கிறது. விழுங்கிய பின் முடியவில்லை. விழுங்கிய பிறகுதான் தொடங்குகிறது. நான் இதைச் சொல்லி முடிக்கும் வரையிலும் இருக்கிறது.

அந்த அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த முதல் புட்டியில் அவர்கள் குடித்தது விழுங்கினதும் போய்விட்டதாம், அதைத்தான் கணவர் குறையாகச் சொன்னாராம். "ஆயிடுச்சு" என்றார். "அவரு சொன்ன மாதிரியே ஆயிடுச்சு." அழுகையும் சிரிப்புமாக இருந்தார்.

மீதியை இவர் புங்க மரத்தடியில் கொட்டினார். மண் நுரைத்து, அடங்கி, சாதாரண ஈரமாயிற்று. உத்தரவில் "புட்டியில் உள்ளது" என்றுதானே இருக்கிறது என்று சொல்லி, காலிப் புட்டியையும் தக்கையையும் கம்பிக் கட்டையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அந்த அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, கோர்ட் கலையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இனி என் பங்கு. ஒரு வருஷமாக நான் தனியாகத்தான் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குமாஸ்தாக்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிச் சிரிப்பார்கள், எனக்கு அதில் இடமில்லை. மறுநாள் எதற்காகவோ ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுக்க, நான் நேற்று நடந்ததைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. எழுந்து நின்று, கையைக் குழித்து, கண்ணை மூடி, உறிஞ்சி, தலையில் தடவிக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த வட்டத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

பத்து நாளில் கோஷ்டிக்குப் போய்விட்டது. குடித்தான் என்பதைவிட, தீர்த்தம் போலக் குடித்துத் தலையில் தடவிக்கொண்டான் என்பதுதான் அவர்களைச் சுட்டது. கோஷ்டிப் பெரியவர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டு, வாயில் படவில்லை என்று சொல்லும், முடித்துவிடலாம் என்றாராம். இவர், பட்டது, விழுங்கினேன் என்றார். சரி, பிராயச்சித்தம் பண்ணிக்கொள்ளும் என்றார் பெரியவர். விரதம், பஞ்சகவ்யம், புதுப் பூணூல். கடைசியில் பெருமாள் முன்னால் நின்று, மனமில்லாமல் செய்தேன், செய்ததற்கு வருந்துகிறேன் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். இவர் முதல் மூன்றும் செய்கிறேன், செய்யக் கூடாததைச் செய்தேன் என்றும் சொல்கிறேன், அந்தக் கடைசி வார்த்தை மட்டும் வராது என்றார். அது இல்லாமல் மற்றது செல்லாது என்றார் பெரியவர். மறுநாளிலிருந்து அந்த இரண்டாவது இடத்தில் வேறொருவர் நின்றார்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழுது முகம் வீங்கியிருந்தார். எனக்கு மோர் கொடுத்துவிட்டு, "ஒரே ஒரு வார்த்தை, நீங்களாவது சொல்லச் சொல்லுங்கோ" என்றார். சன்னதிக்குப் போனால் மற்றப் பெண்கள் தன்னைக் கண்டு ஒதுங்குகிறார்களாம்.

நான்தான் சொன்னேன் சார் என்று ஆரம்பித்தேன். 

"தெரியும்மா" என்றார். "நடந்ததைத்தானே சொன்னேள்? கூட்டிச் சொல்லலையே?"

"சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னேன் சார்."

"சிரிக்கற மாதிரிதானே இருந்தது" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லிவிடுங்க சார், ஒரு வார்த்தைதானே, உங்க அப்பா நின்ன இடம் என்று கெஞ்சினேன். மனைவியும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வெகுநேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்னா இருந்ததும்மா" என்றார். "என் ஆயுசுல அந்த மாதிரி ஒண்ணை ருசி பார்த்ததில்லை. அந்த அம்மா கேட்டா, அவாளுக்காகப் பண்ணினேன், அது நிஜம். ஆனா மனசில்லாமன்னு சொல்ல முடியாது. மனசு இருந்தது. வருத்தப்படறேன்னு சொல்ல முடியாது, வருத்தமில்லை. கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன், நன்னா இருந்ததுன்னு. பெருமாள்கிட்ட போய் மாத்திச் சொல்றதா?"

மனைவி உள்ளே போய்விட்டார். நான் மோரை வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்து, அந்தப் பொன்மலை அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டு ஒன்பது வருஷம் அதே அறை வாசலில் அவரோடு வேலை பார்த்தேன். பதிவேட்டில் ஒரு மாற்றமும் இல்லை. கஷாயத்தை உள்ளங்கையில் ஊற்றித்தான் குடித்தார். ஆனால் குடித்த கை தலைக்குப் போகப் புறப்பட்டு, காது உயரத்தில் நின்றுவிடும். அங்கே ஒரு கணம் இருந்துவிட்டு, இறங்கி வேஷ்டியில் துடைத்துக்கொள்ளும். நாளைக்கு மூன்று தடவை. நான் டைப் அடிப்பதில் மும்முரமாக இருப்பது போல் தலையைத் திருப்பிக்கொள்வேன். ஆபீசில் எனக்குச் சிரிப்பு நின்று போயிற்று. குமாஸ்தாக்கள் வட்டத்தில் போட்ட நாற்காலியில் பிறகு நான் உட்காரவில்லை.

ஒரு மார்கழியில் அவர்கள் தெருவுக்குப் போயிருந்தேன். கோஷ்டி பாசுரம் சொல்லிக்கொண்டு வந்தது. அவர் எலெக்ட்ரிக் கம்பத்தை ஒட்டி ஜனங்களோடு நின்றிருந்தார். உதடு ஒரு எழுத்தும் விடாமல் அசைந்தது, சத்தம் வரவில்லை. தீர்த்தம் கொடுக்க ஆரம்பித்தபோது கம்பத்தடியில் ஆள் இல்லை.

அறுபதுகளின் நடுவில் பொன்மலை அம்மா மகளோடு ஆஸ்திரேலியா போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். அந்தத் தக்கையைக் கைப்பையிலேயே வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். பிறகு இவரைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே?" என்றார்.

"இருக்கேன்" என்றார் இவர். சௌக்கியமா என்ற சொல்லை விட்டுவிட்டார். அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இவர் ரிடையர் ஆவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போது இருமல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாலாம் நாள் போய்விட்டார். செய்தி கேட்டுப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் ரேழியில் நின்றேன். வாசலில் சலசலப்பு கேட்டு எல்லாரும் விலகினார்கள். கோஷ்டி வந்தது. மொத்தப் பேரும் வந்திருந்தார்கள். கோஷ்டிப் பெரியவர் தள்ளாடித் தள்ளாடி முன்னால் வந்தார். வரிசையாக நின்று சொல்ல ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

சொல்லி முடிந்ததும் பெரியவர் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து தீர்த்தத்தை எடுத்து அவர் வாயில் விட்டார். அவர் மனைவி விக்கிக்கொண்டே, "இப்போ மட்டும் எப்படி ஸ்வாமி?" என்று கேட்டார். கேட்கக் கூடிய பெண் இல்லை அவர், ஆனால் கேட்டுவிட்டார்.

பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "இனிமே வருந்தறயான்னு அவனைக் கேட்டாத்தானே அம்மா, அவன் இல்லேன்னு சொல்லுவான்?" என்றார்.

தீர்த்தம் உதட்டோரம் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. நான் அவர் வலது கையைப் பார்த்தேன். அதை இடது கையோடு சேர்த்து, இரண்டு கட்டைவிரலையும் துணியால் கட்டியிருந்தார்கள்.